மிச்சப் பொட்டலங்கள்

அம்மன் றொபின்சனை மூன்று தடவை வேண்டாமென்று சொல்லிவிட்டாள். ஒவ்வோர் ஆடியிலும் ஒரு தடவை, ஒவ்வொரு தடவையும் மூன்று பூ, அத்தனையும் சிவப்பு. பேச்சுக்காவது ஒரு வெள்ளைப் பூ வந்திருக்கலாம். வரவில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை நான்காவது தடவையாகக் கேட்கப் போகிறோம், இதுதான் கடைசி. றொபின்சனின் அம்மா இருதயம்மா பண்டாரவளையில் ஒரு பெண்ணைப் பார்த்து வைத்துவிட்டு, ஆடி முடியும்வரைதான் மகனுக்குத் தவணை கொடுத்திருக்கிறார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. மகனுக்கு முப்பத்தைந்து வயது, எனக்கு முப்பத்திரண்டு.

நான் பதுளையில் உயர்தர வகுப்புக்கு இணைந்த கணிதம் படிப்பிக்கிறவள். கணக்கு டீச்சர் ஜீவராணி பூக்கட்டிப் பார்க்கிறாளா என்று சிரிக்கிறவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம். நானும் சிரித்திருக்கிறேன். ஆனால் அம்மன் உத்தரவில்லாமல் கழுத்தை நீட்டமாட்டேன் என்று அம்மாவுக்குச் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறேன். அம்மன் இவ்வளவு பிடிவாதக்காரி என்று சத்தியம் செய்தபோது தெரியாது. போன ஆடியில் மூன்றாவது சிவப்புப் பூவைப் பார்த்ததும் எனக்கு உண்மையாகவே பயம் பிடித்துக்கொண்டது. அன்று வீட்டுக்கு வந்து, றொபின்சனுக்கு ஏதாவது நடந்துவிடுமோ என்று அழுதேன்.

பெரகல சந்திக்குக் கீழே இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்தில், எங்கள் டிவிசனில், பூக்கட்டிப் பார்க்காமல் எந்தக் காரியமும் நடக்காது. கல்யாணமா, வெளிநாட்டுப் பயணமா, ஆபரேசன் செய்வதா வேண்டாமா, எதுவானாலும் அம்மனிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். மூன்று வெள்ளை அரளி, மூன்று சிவப்பு அரளி. ஒவ்வொரு பூவையும் வாழையிலைத் துண்டில் மடித்து நாரால் கட்டினால் ஆறு பொட்டலம். தாம்பாளத்தில் போட்டுக் குலுக்கி அம்மன் காலடியில் வைப்பார்கள். யாருடைய காரியமோ அவர் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாக மூன்றை எடுத்துக் கொடுக்க வேண்டும், பூசாரி பிரித்துக் காட்டுவார். வெள்ளை கூடுதலாக வந்தால் உத்தரவு. சிவப்பு கூடுதலாக வந்தால் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். மறுபடி கேட்க அடுத்த வருடம்வரை பொறுக்க வேண்டும்.

மிச்சம் இருக்கும் மூன்று பொட்டலத்தை யாரும் பிரிக்கக் கூடாது. கோயிலுக்குப் பின்னால் ஓடும் ஓடையில் அப்படியே விட்டுவிட வேண்டும். பிரித்துப் பார்த்தால் அம்மன் வாக்கைச் சந்தேகப்பட்டதாக ஆகும், குடும்பத்துக்கு ஆகாது என்பார்கள். எனக்குத் தெரிந்து ஒருவரும் பிரித்ததில்லை.

பொட்டலம் கட்டுகிறவர் என் அப்பா. ரெங்கசாமிக் கங்காணி என்றால் மேல் டிவிசனிலும் தெரியும். வேலையிலிருந்து ஓய்வு பெற்றும் கோயில் தலைவர் பதவியிலிருந்து ஓய்வு பெறவில்லை. முன்பு அவருடைய அப்பா கட்டிக்கொண்டிருந்தார். அவருக்குக் கை நடுங்கத் தொடங்கியதும், அப்பா இளந்தாரியாக இருக்கும்போதே, கல்யாணத்துக்கு முன்னாலேயே, அந்த வேலை அப்பாவின் கைக்கு வந்துவிட்டது. அன்றிலிருந்து வேறு ஒருவர் கட்டியதில்லை. விடிய எழும்பிக் குளித்து, வாயைத் துணியால் கட்டிக்கொண்டு, கோயில் பின்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு கட்டுவார். அவர் கட்டிய ஆறையும் வைத்துக்கொண்டு எது எதுவென்று சொல்ல யாராலும் முடியாது.

றொபின்சன் விசயத்தில் வீட்டில் எனக்கு இருந்த ஒரே துணையும் அப்பாதான். றொபின்சன் ஹாலிஎலயில் மோட்டார் சைக்கிள் திருத்தும் கராஜ் வைத்திருக்கிறார். பெரகலப் பக்கம் வந்தால் அப்பாவும் அவரும் சந்திக் கடையில் உட்கார்ந்து டீ குடிப்பார்கள். "நல்ல பையன்மா. தண்ணி கிண்ணி ஒன்னும் இல்ல. பெரியவங்களக் கண்டா எந்திரிச்சு நிக்கிறான்" என்று என்னிடம் வந்து சொல்வார். ஒவ்வோர் ஆடியிலும் சிவப்பு வந்தபோது என்னைவிட அதிகமாகக் கண்கலங்கியது அவர்தான்.

"ஆத்தா சொல்லிப்புட்டாளே புள்ள. நான் என்ன செய்வேன்?"

அம்மா கருப்பம்மா எதையும் மறைத்துப் பேசத் தெரியாதவர். றொபின்சன் வீட்டார் கிறிஸ்தவர்கள். "வேதக்கார வீட்டுக்குப் போனீனா மொத வேலையா ஒம் பொட்ட அழிப்பாங்க" என்று முகத்துக்கு நேரே சொல்வார். பூ வாக்கில் அம்மாவுக்கு இருக்கும் நம்பிக்கைக்குக் காரணமும் உண்டு, அந்தக் கதையைக் கேட்காத ஆள் டிவிசனில் கிடையாது. அம்மாவுக்கு முதலில் மடுல்சீமையிலிருந்து ஒரு மாப்பிள்ளை வந்திருக்கிறார். மேசன் வேலை, நன்றாகப் பாடுவாராம். பூக்கட்டிப் பார்த்ததில் மூன்றும் சிவப்பு. பிறகு அதே மாதம் அப்பாவுக்காகக் கேட்டிருக்கிறார்கள். மூன்றும் வெள்ளை.

"எனக்கு அந்த ஆளு மேல ஆச இருந்துச்சு, நான் ஏன் மறைக்கணும்? ஆனா ஆத்தா எனக்கு இவரத்தான் எழுதியிருக்கா. அவ குடுத்தத நான் சந்தோசமா வாங்கிக்கிட்டேன். நீயும் வாங்கிக்க."

இதைச் சொல்லும்போது அம்மாவின் முகத்தில் ஒரு பெருமை வரும். அப்பா உடனே வெளியே போய்விடுவார். வெட்கப்படுகிறார் என்று நாங்கள் கேலி செய்வோம்.

வியாழக்கிழமை இடைவேளைக்குப் பிறகு வரிசைமாற்றம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். ஒரே மாதிரியான பொருட்கள் கலந்திருந்தால் எத்தனை விதமாக வரிசைப்படுத்தலாம் என்ற பகுதி. புத்தகத்தில் சிவப்புப் பந்து, நீலப் பந்து, பெட்டி என்று போட்டிருந்தார்கள். பிள்ளைகளுக்குத் தூக்கம் சொக்கியது. எனக்கு எரிச்சலாக வந்தது. பந்தைத் தூக்கி எறிந்துவிட்டுக் கரும்பலகையில் ஆறு வட்டம் போட்டேன்.

"பூக்கட்டிப் பாக்கறது தெரியுந்தானே? மூணு வெள்ள, மூணு சிவப்பு. ஆறும் வேற வேறயா இருந்தா எத்தன விதமா வரிசையா வைக்கலாம்?"

"எழுநூத்தி இருவது டீச்சர்."

"ஆனா சிவப்பு மூணும் ஒரே மாதிரி. ஒன்ன எடுத்து மத்தது இருந்த எடத்துல வச்சா நமக்கு வித்தியாசம் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப ஒரே வரிசையத்தான் திரும்பத் திரும்ப எண்ணியிருக்கோம். மூணு சிவப்பு தங்களுக்குள்ள ஆறு விதமா எடம் மாறும். அதனால ஆறால வகுக்கணும். வெள்ளைக்கும் அதே மாதிரி இன்னொரு ஆறு."

வகுத்தார்கள். இருபது வந்தது. இந்த இருபது வரிசையில் முதல் மூன்றும் சிவப்பாக இருப்பது எத்தனை என்று கேட்டேன். ஒன்றே ஒன்று என்றார்கள். சரி என்று சொல்லி, 'இருபதில் ஒன்று' என்று கரும்பலகையில் எழுதினேன். எழுதிவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

சத்தியமாகச் சொல்கிறேன், அதுவரை ஒரு தடவைகூட நான் எண்ணிப் பார்த்ததில்லை. வருடா வருடம் இதே பாடத்தைப் படிப்பிக்கிறேன். வருடா வருடம் ஆடியில் போய் அந்தத் தாம்பாளத்துக்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறேன். பாடசாலைக் கணக்கைப் பதுளையிலேயே விட்டுவிட்டு பஸ் ஏறியிருக்கிறேன். அம்மனுக்குக் கணக்குப் போடுவது பாவம் என்று மனசுக்குள் எங்கேயோ இருந்திருக்கிறது.

"மூணு வருசமும் தொடர்ந்து அப்பிடியே வந்தா?" என்று என் வாய் கேட்டது.

துஷாந்தினி எனக்கு முன்னால் பெருக்கிவிட்டாள். அந்த வகுப்பில் அவள் ஒருத்திக்குத்தான் தூக்கம் வராது. "இருவது தர இருவது தர இருவது. எட்டாயிரத்துல ஒன்னு டீச்சர்." பிறகு சிரித்துக்கொண்டே சொன்னாள்: "எட்டாயிரத்துல ஒன்ன நம்பறதுக்கு, தட்டுல இருந்த ஆறுமே சிவப்புன்னு நம்பிறலாம் டீச்சர். ஆறும் ஒரே மாதிரின்னா எழுநூத்தி இருவத எழுநூத்தி இருவதால வகுக்கணும். ஒரே வரிசைதான். எத எடுத்தாலும் சிவப்புதான் வரும்."

வகுப்பு முழுக்கச் சிரித்தது. வெண்கட்டியை மேசையில் வைத்துவிட்டு, அடுத்த பயிற்சியைச் செய்யுங்கள் என்று சொல்லி ஜன்னல் பக்கமாகத் திரும்பிக்கொண்டேன்.

எட்டாயிரத்தில் ஒன்று என்றால் நடக்கவே நடக்காது என்று அர்த்தமில்லை. எட்டாயிரம் பேர் என்னைப்போல மூன்று வருடம் கேட்டால் அதில் ஒருத்திக்கு இப்படி வரலாம். அந்த அதிர்ஷ்டம் கெட்டவள் நானாக ஏன் இருக்கக் கூடாது? அன்று முழுவதும் என் மனதோடு இப்படி வாதாடினேன். நானே அந்த ஒருத்தியாக இருந்துவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். ஏனென்றால் மற்ற வழியை யோசித்தால் அது போய் நிற்கிற இடம் எனக்குப் பிடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை பஸ்ஸில் அந்த இடத்துக்குப் போய்த்தான் ஆக வேண்டியிருந்தது. பூசாரி கிருஷ்ணராஜ் தாம்பாளத்தைக் குலுக்குவார், பிரிப்பார், அவ்வளவுதான். அம்மா விளக்கு ஏற்றுவதோடு சரி. பூவைப் பறித்து, இலையில் மடித்து, நாரால் கட்டுவது ஒரே ஒரு ஆளின் கை. அப்புத்தளையில் பஸ் நின்றபோது போனைக் கையில் எடுத்தேன்.

றொபின்சனுக்கு போன் போட்டேன்.

"எங்கப்பா ஒங்ககிட்ட எப்பவாச்சும் மனசுல ஒன்ன வச்சுக்கிட்டுப் பேசுற மாதிரி இருந்துச்சா?"

"சேச்சே, என்ன கேள்வி இது? போன கெழமையும் பெரகலையில டீ வாங்கிக் குடுத்தாரு. 'தம்பி, இந்தத் தடவ நல்லது நடக்கும், தைரியமா இரு'ன்னாரு. அவரு இல்லாட்டி நான் எப்பவோ மனசு விட்டிருப்பேன் ராணி."

போனை வைத்துவிட்டேன். டீ வாங்கிக் கொடுத்து, தோளைத் தட்டிக் கொடுத்து, அந்த மனிசனை மூன்று வருடம் நிற்க வைத்திருக்கிறார். அழுகை வரவில்லை. பக்கத்து சீட்டில் இருந்த அம்மாள் நகர்ந்து உட்காரும் அளவுக்குக் கோபம் வந்தது.

பெரகல சந்தியில் அப்பா குடையோடு நின்றார். மழை விட்டு வெகுநேரம் ஆகியிருந்தது. என் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார். தேயிலைக்கு நடுவே இறங்கும் பாதையில் ஒரு வளைவு தாண்டியதும் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

"இந்தத் தடவ நல்லதே நடக்கும் பாரு."

"அடிச்சுச் சொல்றீங்களே. ஆத்தா ஒங்ககிட்ட வந்து சொன்னாளா?"

"அவ மனசும் எளகாதா புள்ள? எத்தன வருசம் காக்க வச்சிருக்கா."

என்ன நெஞ்சழுத்தம்! அங்கேயே பிடித்து உலுக்கியிருப்பேன். ஆனால் அப்பாவை எனக்குத் தெரியும். கேட்டால் அழுவார், அவர் அழுதால் நான் இளகிவிடுவேன். அதோடு, கேட்டுவிட்டால் இந்த ஞாயிறு பயந்துகொண்டு ஒழுங்காக மூன்று மூன்றாகக் கட்டிவிடுவார். பிறகு நடந்தது எதற்கும் சாட்சி இருக்காது. எனக்கு அந்த ஆறு சிவப்பும் வேண்டும். மூன்றை எடுத்துக் கொடுத்துவிட்டு, ஓடைக்குப் போகும் முன் மிச்சம் மூன்றையும் பறித்து எல்லோர் முன்னிலையிலும் பிரிக்க வேண்டும். இரண்டு நாள் வீட்டில் யாரோடும் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தேன். பூவை நினைத்துக் கவலைப்படுகிறேன் என்று அம்மா மிளகு ரசம் வைத்துக் கொடுத்தார்.

ஞாயிறு காலை கோயில் நிறைந்திருந்தது. வேலை இல்லாத நாள், ஆடி மாதம், கங்காணி மகளின் கடைசிப் பூ. யார் வராமல் இருப்பார்கள்? அக்கம்பக்கத்து ஜெயகுமார் அண்ணன், அம்மன் கொடுத்த பூவால் கட்டிக்கொண்ட பெண்சாதியோடு முன்வரிசையில் நின்றார். பக்கத்து வீட்டுச் சிவசக்தி அக்கா வேலியோரமாக நின்றார். அம்மா விளக்குப் பக்கத்தில் கைகூப்பி நின்றார். அப்பா வாயில் கட்டிய துணியை அவிழ்த்துக்கொண்டே பின்னறையிலிருந்து வந்தார். பூசாரி தாம்பாளத்தைக் குலுக்கி அம்மன் காலடியில் வைத்தார்.

கண்ணை மூடினேன். ஒன்றை எடுத்துக் கொடுத்தேன்.

"வெள்ள!"

பூசாரியின் குரல்தானா என்று சந்தேகமாக இருந்தது. கண்ணைத் திறந்தேன். அவர் கையில் வெள்ளை அரளி. அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி கண்ணை மூடி இன்னொன்று கொடுத்தேன். வெள்ளை. மூன்றாவதும் வெள்ளை.

யாரோ மணியை அடித்தார்கள். பெண்கள் குலவை போட்டார்கள். அம்மா ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். "ஆத்தா குடுத்துட்டா. அவளே குடுத்துட்டா, இனி நான் ஆரு வேணாங்கறதுக்கு? கட்டிக்க புள்ள, கட்டிக்க." மூன்று வருடமாக நான் கேட்க ஆசைப்பட்ட வார்த்தை. கால் தரையில் நிற்கவில்லை. பாவி, அப்பாவை எப்படியெல்லாம் நினைத்துவிட்டேன் என்று மனசு பதறியது. மன்னிப்புக் கேட்க அவரைத் தேடினேன்.

அப்பா என்னைப் பார்க்கவில்லை, பூவையும் பார்க்கவில்லை. பூசாரிக்கு முந்திக்கொண்டு தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு ஓடைப்பக்கம் போய்க்கொண்டிருந்தார். அறுபது வயதுக்கு மேல் ஆன மனிசன், அந்த அவசரம் எனக்குப் புரிந்துவிட்டது.

அப்படியே விட்டிருக்கலாம். விட்டிருந்தால் கல்யாணம், மேளம், அம்மாவின் ஆசீர்வாதம் எல்லாம் கைக்குள் இருந்தது. ஆனால் இந்த மூன்று வெள்ளையை வாங்கிக்கொண்டால் அந்த ஒன்பது சிவப்பையும் அம்மன் தலையில் கட்டினவள் ஆகிவிடுவேன். நான் அழுத அழுகை, றொபின்சன் காத்திருந்தது எல்லாம் சாமி சித்தம் என்று ஆகிவிடும். என்னால் முடியவில்லை. ஓடிப்போய்த் தாம்பாளத்தைப் பிடித்தேன்.

"குடுங்கப்பா."

"போதும்மா. உத்தரவு வந்துருச்சுல்ல. விடு, சாமி குத்தம் ஆயிரும்."

"குடுங்க."

அவர் விடவில்லை. நானும் விடவில்லை. தாம்பாளம் சரிந்து மூன்று பொட்டலமும் கீழே விழுந்தன. கூட்டத்தில் 'ஐயையோ' என்று ஒரு சத்தம் எழுந்தது. குனிந்து எடுத்து நாரைப் பல்லால் கடித்தேன். வெள்ளை. அடுத்ததைப் பிரித்தேன். வெள்ளை. கடைசிப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது மணிச்சத்தம் நின்றிருந்தது. அதுவும் வெள்ளை.

"ஆறும் வெள்ளையா?" என்று பூசாரி கேட்டார். இத்தனை வருடம் குலுக்கிய மனிதர் அவர். "கங்காணி, சிவப்பு எங்கங்க?"

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு எனக்கு மட்டும் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னார். ஆனால் அந்த அமைதியில் எல்லோருக்கும் கேட்டது.

"ஒனக்கு நல்லது நடக்கணும்னுதானே புள்ள கட்டுனேன்."

"அப்ப மூணு வருசம் கட்டுனது?"

"ஒங்கம்மா தாங்கமாட்டானு நெனச்சேன். ஒங்கிட்ட வேணாம்னு சொல்ல எனக்கு வாய் வரல. ஆத்தா சொன்னா நீ மனசத் தேத்திக்குவேன்னு பாத்தேன். நீ தேத்திக்கல. அதான் இந்தத் தடவ..."

எனக்கு வேண்டாமென்று சொன்னதும் அவர், வேண்டுமென்று சொன்னதும் அவர். அந்த இரண்டுக்கும் நடுவில் அம்மன் இருந்தாள் என்று நம்பிக்கொண்டு என் மூன்று வருடத்தைக் கொண்டுபோய்க் கொட்டியிருக்கிறேன்.

வேலியோரத்திலிருந்து சிவசக்தி அக்கா முன்னால் வந்தார். "மாமா, குவைத் போறதுக்கு நான் கேட்டப்ப சிவப்பு வந்துச்சே. அது?"

"ஒனக்கு அப்ப கைக்கொழந்த, சக்தி. புள்ளைய விட்டுட்டுப் போயி..."

அவர் முடிப்பதற்குள் அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். அந்தப் பயணத்தைத் தடுத்து அம்மன் தன்னைக் காத்தாள் என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருந்தவர் அவர். ஜெயகுமார் அண்ணன், "எங்களுக்கு வந்த வெள்ள?" என்று கேட்டார். அவர் பெண்சாதி அவரை நிமிர்ந்து பார்த்தார். இந்தக் கேள்வியை ஏன் கேட்டோம் என்பது போல அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார்.

"எல்லாருக்கும் இல்லப்பா. ஆத்தா மேல சத்தியமா எல்லாருக்கும் இல்ல. நல்லது கெட்டது தெரிஞ்ச எடத்துல மட்டும், ஏதோ ஒன்னு ரெண்டு பேருக்கு. மத்ததெல்லாம் முறைப்படி மூணு மூணாத்தான் கட்டுனேன்."

யாருக்கு முறைப்படி, யாருக்கு அவர் விருப்பப்படி? அதை யாரும் கேட்கவில்லை. அவர் சொன்னாலும் இனி யார் நம்புவது? மிச்சப் பொட்டலமெல்லாம் எப்போதோ ஓடையோடு போய்விட்டன. கூட்டத்தில் ஒவ்வொருவரும் பக்கத்தில் நிற்கும் பெண்சாதியை, புருசனை, பிள்ளையை ஒரு தடவை பார்த்தார். எல்லோருக்கும் ஏதோ ஒரு காலத்தில் இந்தத் தாம்பாளத்திலிருந்து ஒரு பூ வந்திருக்கிறது.

அப்போதுதான் அம்மா பேசினார். விளக்குப் பக்கத்திலிருந்து அவர் நகரவில்லை.

"ஏங்க."

அப்பா நிமிரவில்லை.

"மடுல்சீமைக்காரருக்காக நாங்க கேட்டப்ப ஒங்க அய்யாவுக்குக் கை நடுங்குதுன்னாங்க. அந்த வருசந்தானே நீங்க கட்ட ஆரம்பிச்சீங்க?"

மூன்று சிவப்பு, இருபதில் ஒன்று. அதே மாதம் மூன்று வெள்ளை, அதுவும் இருபதில் ஒன்று. இரண்டும் ஒன்றாக வருவதற்கு நானூறில் ஒன்று. பிறந்ததிலிருந்து இந்தக் கதையைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், சிரித்திருக்கிறேன், அப்பாவைக் கேலி செய்திருக்கிறேன். எனக்கு வந்த பூவை எண்ணினேனே தவிர அம்மாவுக்கு வந்த பூவை எண்ணத் தோன்றவில்லை.

"கருப்பம்மா, நான் அப்ப ஒன்ன..." என்று அப்பா ஆரம்பித்தார்.

"சொல்லாதீங்க" என்றார் அம்மா. "தெரிஞ்சுபோச்சு."

அம்மா அழவில்லை. சற்றுமுன் என்னைக் கட்டிப்பிடித்து அழுதவர் இவர்தானா என்று இருந்தது. நிதானமாக நடந்து வந்து, கீழே கிடந்த மூன்று பூவையும் பூசாரி கையிலிருந்த மூன்று பூவையும் எடுத்து அம்மன் காலடியில் வைத்தார். மஞ்சள் பூசிய அந்த முகத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"இவ பாவம். இவளுக்கு ஒன்னுந் தெரியாது."

பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"அந்தப் பையன நாளைக்கு வீட்டுக்கு வரச் சொல்லு. அவங்க அம்மாவையும் கூட்டிக்கிட்டு வரட்டும்."

"அம்மா, உத்தரவு..."

"உத்தரவு என்ன உத்தரவு? நான் சொல்றேன்."